கொழும்பில் ஐந்து நாள், ஒரு கேசட்

முதல் நாள், வியாழன்

மதுரையில் ஏறி உட்கார்ந்து, கொடுத்த ஜூஸைக் குடித்து முடிப்பதற்குள் கொழும்பு விமான நிலையமான கட்டுநாயக்கா வந்துவிட்டது. உடன்குடியிலிருந்து மதுரை விமான நிலையத்துக்குக் காரில் வர மூன்று மணி நேரம் ஆனது. கடலைத் தாண்ட ஒரு மணி நேரம் சொச்சம். தூத்துக்குடியிலிருந்து கொழும்பு நேர்க்கோட்டில் சுமார் 280 கிலோமீட்டர்தான், சென்னை அதைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. இருந்தும் ஐம்பது வயதுவரை நான் இங்கே வந்ததில்லை. இங்கிருந்து குரல்தான் தினமும் எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது.

எங்கள் பக்கத்தில் அதற்குப் பெயர் சிலோன் ரேடியோ. நாடு பெயரை மாற்றி, நிலையமும் பெயரை மாற்றி எத்தனையோ வருஷம் ஆன பிறகும் அப்பா சாகும்வரை சிலோன் ரேடியோ என்றுதான் சொன்னார். திருநெல்வேலி வானொலியைவிட அது தெளிவாகக் கேட்கும் என்று ஊரில் அடித்துச் சொல்வார்கள். அதில் உண்மை உண்டு. மத்திய அலை தரையோடு ஒட்டி ஓடும் அலை. காய்ந்த நிலத்தில் சீக்கிரம் களைத்துவிடும். உப்புத் தண்ணீர் நல்ல மின்கடத்தி என்பதால் கடல்மேல் வெகுதூரம் போகும். எங்களுக்கும் கொழும்புக்கும் நடுவில் இருப்பது மன்னார் வளைகுடா. மணப்பாட்டுக் கடற்கரையில் வலை பின்னுகிறவர்கள் டிரான்சிஸ்டரை மணலில் வைத்துவிட்டு, ஏரியலைக்கூட இழுக்காமல் கேட்பார்கள்.

நான் வந்ததற்குக் காரணம் இரண்டு. கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கும் அக்கா ஒன்று. சொந்த அக்கா இல்லை, பேனா நட்பு. பள்ளிக்கூடக் காலத்தில் ஒரு பத்திரிகையில் முகவரி பார்த்து எழுத ஆரம்பித்து, நடுவில் பத்து வருஷம் விட்டுப்போய், பிறகு முகநூலில் தேடிப் பிடித்தோம். இன்னொரு காரணம் என் கைப்பையில், மூன்று கைக்குட்டைக்குள் இருக்கும் ஒரு கேசட். அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

அக்கா வாசலிலேயே நின்றார். "வாரும், வாரும். களைச்சுப் போனீரோ? இரும், தேத்தண்ணி போடுறன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கடிதங்களில் முப்பது வருஷமாக என்னை 'நீர்' என்றுதான் எழுதுவார். நேரில் காதால் கேட்டது இதுதான் முதல் தடவை. எங்கள் ஊரில் ஆண்கள் ஒருவரை ஒருவர் "வாரும்வே, இரும்வே" என்பார்கள். ஒரு பெண்ணைப் பார்த்து யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. அக்கா சொன்னதில் மரியாதையும் இருந்தது, வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடுகிற உரிமையும் இருந்தது.

கைக்கடிகாரத்தைத் திருத்தலாம் என்று பார்த்தால் தேவையே இல்லை. இரண்டு நாட்டுக்கும் ஒரே நேரம். அக்காதான் ஞாபகப்படுத்தினார். 1996-ல் மின்சாரத் தட்டுப்பாடு வந்தபோது இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளினார்கள், சில மாதத்தில் அதை அரை மணி நேரமாகக் குறைத்தார்கள், 2006 ஏப்ரலில்தான் பழையபடி ஆனது. "பழைய நேரமோ புதிய நேரமோ எண்டு கேக்காமல் ஒருத்தரையும் சந்திக்க ஏலாது. எங்கட வீட்டில ரெண்டு மணிக்கூடு ஓடினது" என்றார். எனக்கும் அது நினைவுண்டு. நிகழ்ச்சி தொடங்கிப் பாதியில் ரேடியோவைத் திருகிய அப்பா, வீட்டுக் கடிகாரம் நின்றுவிட்டதென்று அதற்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தார்.

இரவு ரயில் சத்தம். ஜன்னலுக்கு வெளியே கடல், கடலுக்கும் எங்களுக்கும் நடுவில் தண்டவாளம். தூங்கப் போகிறேன்.

இரண்டாம் நாள், வெள்ளி

காலை ஆறரைக்கு என்னை எழுப்பியவர் பீத்தோவன்.

முதலில் யாருடைய போனோ அடிக்கிறது என்று நினைத்தேன். பிறகு ஏதோ கார் பின்னால் வருகிறது என்று நினைத்தேன். சத்தம் நெருங்கியது, வாசலைத் தாண்டியது, நின்றது, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. பால்கனிக்குப் போய்ப் பார்த்தால், பின்பக்கம் கண்ணாடிப் பெட்டி கட்டிய ஒரு ஓட்டோ. பெட்டி நிறையப் பாண் என்கிற ரொட்டி, பணிஸ் என்கிற பன், மீன் வைத்த மாலு பாண், சர்க்கரை தூவிய முதலை வடிவப் பணிஸ். இரவு உடுப்போடு நாலு பேர் இறங்கிவந்து நின்றார்கள். இதற்குச் 'சூண் பாண்' என்று பெயராம். சூண் என்றால் டியூன். இசையோடு வருகிற பாண்.

அந்த இசை 'ஃபியூர் எலிசே'. 1810-ல் எழுதியது. பீத்தோவன் உயிரோடு இருந்தவரை அச்சில் வரவே இல்லை. அவர் இறந்து நாற்பது வருஷம் கழித்து, 1867-ல்தான் வெளியானது. பார்த்துப் பிரதி எடுத்த மூலத்தாள்கூடத் தொலைந்துபோனது. தலைப்பில் இருக்கும் எலிசே யார் என்று இன்றுவரை ஆராய்ச்சியாளர்கள் ஒத்துப்போகவில்லை. அப்படி யாருக்கோ எழுதி, பெட்டியில் கிடந்து, தப்பிப் பிழைத்த ஒரு மெட்டு இருநூறு வருஷம் கழித்து வெள்ளவத்தையில் பாண் விற்கிறது. தைவானில் குப்பை வண்டிக்கு இதே மெட்டுத்தான். குப்பையைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் தெருவுக்கு ஓடிவருவார்கள்.

எங்கள் ஊரிலும் எனக்கு இது பழக்கம். அதனால்தான் தூக்கத்தில் குழம்பினேன். தொண்ணூறுகளில் காலிங்பெல், வாழ்த்து அட்டை, பின்னால் வரும் அம்பாசிடர் என்று எங்கு பார்த்தாலும் இந்த மெட்டு. காரணம் ஒரு சின்ன சில்லு. யூஎம்66 என்று பெயர். பார்த்தால் டிரான்சிஸ்டர் மாதிரி மூன்று கால். ஒன்றில் மின்சாரம், ஒன்றில் பூமி, ஒன்றில் பாட்டு. ஒவ்வொரு சில்லுக்குள்ளும் ஒரே ஒரு மெட்டைத் தொழிற்சாலையிலேயே பதித்து அனுப்புவார்கள், மாற்ற முடியாது. அதில் ஒரு ரகம் இந்த எலிசே. ஐ.டி.ஐ. படித்த என் மாமா மகன் அதை வாங்கி, ஒரு சோப்பு டப்பாவில் பேட்டரியோடு வைத்து எங்கள் வீட்டுக் கதவில் மாட்டினான். பேட்டரி இறங்க இறங்க மெட்டு இழுத்து இழுத்து, கடைசியில் அழுகிற மாதிரி ஆகிவிடும். பீத்தோவன் என்ற பேரையே எனக்கு அதற்கும் பத்து வருஷம் கழித்துத்தான் தெரியும். அக்காவின் மகனுக்கு இந்த மெட்டைக் கேட்டால் வாயில் எச்சில் ஊறுமாம். எனக்குக் கதவைத் திறக்க வேண்டும்போல் கால் பரபரக்கிறது. ஒரே பாட்டு இருவரின் உடம்பில் வேறு வேறு இடத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது.

அக்கா கீழே இறங்கி "ஒரு இறாத்தல் தாங்கோ" என்று வாங்கிவந்தார். இறாத்தல்! பவுண்டு எடைக்கான பழைய பெயர், எங்கள் ஆச்சியோடு போய்விட்டது என்று நினைத்த சொல். இங்கே பாண் இன்னமும் இறாத்தல் கணக்கில்தான். கையால் பிய்த்து, தேங்காய்ச் சம்பலோடு தந்தார். தேங்காய், செத்தல் மிளகாய், சின்ன வெங்காயம், தேசிக்காய்ப் புளி, அவ்வளவுதான். எங்கள் ஊர்த் துவையலின் அக்காள் மகள் என்று சொல்லலாம். அரைக்காமல் இடித்ததால் தேங்காய் பல்லில் அகப்படுகிறது. நான் நாலு துண்டு சாப்பிட்டேன்.

மாலையில் காலி வீதி நெடுகக் கடைகடையாக நடந்தோம். விசேஷமாகச் சொல்ல ஒன்றுமில்லை. ராத்திரிக் கொத்து ரொட்டிக் கடையைத் தவிர. இரண்டு இரும்புத் தகட்டைப் பிடித்துக்கொண்டு கல்லில் ரொட்டியைக் கொத்துகிறவர் ஒரு தாளம் வைத்திருக்கிறார். அடுத்த கடைக்காரருக்கு வேறு தாளம். கண்ணை மூடிக்கொண்டே எந்தக் கடை என்று சொல்லிவிடலாம் என்கிறார் அக்கா.

மூன்றாம் நாள், சனி

இப்போது அந்தக் கேசட்.

அப்பா போன வருஷம் இறந்தார். கடைசி இரண்டு வருஷம் எனக்கு வாட்ஸ்அப்பில் குரலாகத்தான் பேசி அனுப்புவார், எழுத்து கைக்கு வரவில்லை. அவர் போன மூன்றாம் மாதம், ஊரில் ஒரு கடையில் திரை மாற்றக் கொடுத்த என் போனைச் சுத்தமாகத் துடைத்துத் தந்தார்கள். காப்பு எடுத்து வைக்கவில்லையா என்று எல்லாரும் கேட்டார்கள். வைத்திருந்தேன் என்றுதான் நினைத்திருந்தேன். அப்பா குரல் என்று என்னிடம் ஒன்றும் மிஞ்சவில்லை.

அலமாரி ஒழிக்கும்போது இந்தக் கேசட் அகப்பட்டது. அறுபது நிமிஷக் கேசட். அப்பா கையெழுத்தில் 'சிலோன் 3, 1988 தை' என்று இருந்தது. ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த டூ-இன்-ஒன் எங்களிடம் கிடையாது. மர்பி ரேடியோ ஒன்று, துபாயிலிருந்து சித்தப்பா கொண்டுவந்த கேசட் பெட்டி ஒன்று. பெட்டியை ரேடியோவின் வாய்க்கு எதிரே வைத்துச் சிவப்புப் பொத்தானை அமுக்குவார். பாட்டோடு வீட்டுச் சத்தமும் சேர்ந்து பதியும். அப்படியென்றால் இதற்குள் அப்பாவும் இருக்கலாம். இருக்கலாம் என்ற அந்த ஒன்றுக்காகத்தான் அக்காவிடம் சொன்னேன். "என்ர மனுசன்ர பழைய பிளேயர் கிடக்கு. ஓடுமோ தெரியாது. கொண்டுவாரும், புறக்கோட்டையில திருத்தலாம்" என்றார்.

ஓடவில்லை. இரண்டையும் தூக்கிக்கொண்டு இன்று ரயிலில், புறக்கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் கோட்டை நிலையத்துக்குப் போனோம். பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி, கொம்பனித்தெரு என்று நிலையங்களின் பெயரைச் சொல்லிப் பார்க்கவே நன்றாக இருக்கிறது. தண்டவாளத்தை ஒட்டிக் கடல். வாசலில் நின்றால் முகத்தில் உப்பு.

புறக்கோட்டைதான் என் தாத்தா இருபது வருஷம் வேலை பார்த்த இடம். நான்காம் குறுக்குத் தெருவில் ஒரு பலசரக்கு மண்டி. அந்த மண்டி இன்று இல்லை, ஆனால் தெரு மாறவில்லை. இருபக்கமும் வெங்காயமும் பருப்பும் செத்தல் மிளகாயும் மூட்டை மூட்டையாக. நெடி தும்மலை வரவழைத்தது. மூட்டை ஏற்றிய கைவண்டியை இழுத்துவந்த ஒருவருக்கு வழிவிட்டு ஒதுங்கியபோது அக்கா சொன்னார், "நாட்டாமை வாறார், தள்ளி நில்லும்." எனக்கு விளங்கவில்லை. எங்கள் பக்கம் நாட்டாமை என்றால் ஊரைக் கூட்டித் தீர்ப்புச் சொல்கிறவர். இங்கே மூட்டை சுமப்பவருக்கு அந்தப் பெயர். சிங்களத்திலும் இதே சொல்தானாம். தாத்தா ஊருக்கு எழுதிய கடிதத்தில் "நான் இங்கே நாட்டாமைகளோடுதான் படுத்துக்கொள்கிறேன்" என்று ஒரு வரி உண்டு. அதைப் படித்த ஆச்சி, தன் வீட்டுக்காரர் கொழும்பில் பெரிய மனுஷர்களோடு இருக்கிறார் என்று தெருவெல்லாம் சொன்னாராம். ஆச்சி அந்த நம்பிக்கையோடே போய்ச் சேர்ந்தார். தெரிந்திருந்தால் அழுதிருப்பார். சொல்லாமல் மறைத்த தாத்தாவை நினைத்தபடி அந்தத் தெருவில் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன்.

முதலாம் குறுக்குத் தெரு முழுக்க போனும் எலெக்ட்ரானிக் சாமானும். பழைய பிளேயரைக் காட்டினால் பையன்கள் தலையாட்டிவிட்டு அடுத்த கடையைக் கை காட்டினார்கள். ஐந்தாவதாகக் கேட்ட பையன் ஒரு சந்துக்குள் கூட்டிக்கொண்டு போனான். மாடிப்படிக்கு அடியில், ஒரு ஆள் உட்காரும் அகலத்தில் ஒரு கடை. எழுபது வயது இருக்கும் அவருக்கு, வெள்ளைத் தொப்பி, கண்ணில் பூதக்கண்ணாடி. "நானா எண்டு கூப்பிடும்" என்று அக்கா என் காதில் சொன்னார். எங்கள் பக்கம் காயல்பட்டினத்தில் காக்கா என்பார்கள், அதே உறவு.

நானா பிளேயரின் பின்மூடியைத் திறந்தார். உள்ளே பெல்ட் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாகத் தார்போல ஏதோ வழிந்திருந்தது. ரப்பர் பழசானால் சில ரகம் இப்படி உருகிவிடுமாம். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு, ஒவ்வொரு சக்கரமாகத் துடைத்து எடுத்தார். விரல் நுனி கறுத்தது. ஒரு தகரப் பெட்டியில் நூற்றுக்கணக்கான பெல்ட். மூன்றை எடுத்து நீட்டிப் பார்த்து, நாலாவதை மாட்டினார்.

கேசட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். "மகள், இதில பேட் இல்ல." நாடா வெளியே தெரிகிற வாயின் நடுவில் ஒரு செப்புத் தகடு, அதன்மேல் கடுகளவில் ஒரு கம்பளித் துண்டு இருக்கும். அதுதான் நாடாவைப் பிளேயரின் ஒலித்தலையோடு அழுத்திப் பிடிப்பது. பசை காய்ந்து அது விழுந்துவிட்டது. ஒட்டித் தரட்டுமா என்று அவர் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் வேறொரு கேசட்டை எடுத்து ஐந்து திருகாணியையும் கழற்றினார். அதன் நாடாவை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, என் கேசட்டின் இரு பக்கத்தையும் கத்தி முனையால் பிரித்தார். இரண்டு சக்கரத்தையும் இரண்டு விரலால் ஒரே சமயத்தில் தூக்கினார். தொண்ணூறு மீட்டர் நாடா, நாலு மில்லிமீட்டர்கூட அகலமில்லாத நாடா, முழுவதும் ஒரு நிமிஷம் அவர் விரல்களுக்கு நடுவில் காற்றில் நின்றது. நான் மூச்சே விடவில்லை. புதுக் கூட்டுக்குள் இறக்கி, மூடி, திருகி, அப்பா எழுதிய தாளை நகத்தால் உரித்துப் புதுக் கூட்டின்மேல் ஒட்டினார். அதை அவரிடம் நான் கேட்கவில்லை. அவராகத்தான் செய்தார்.

பொத்தானை அமுக்கினார். பாட்டு வந்தது, ஆனால் கீச்சென்று வேகமாக வந்தது. மோட்டாரின் முதுகில் ஒரு ஓட்டை இருக்கிறது. அதற்குள் ஊசி போன்ற திருப்புளியை விட்டு, காதைச் சாய்த்துக்கொண்டு, மயிரிழை மயிரிழையாகத் திருப்பினார். பாட்டு இறங்கி இறங்கி வந்து ஓரிடத்தில் உட்கார்ந்தது. "இப்ப சரி" என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். "இந்தப் பாட்டு எந்தச் சுருதின்னு எனக்குத் தெரியுமே. எத்தின தரம் கேட்டிருப்பன், ரேடியோவில." அளவுகோலாக அவரிடம் இருந்தது அந்த நினைவு மட்டும்தான். எத்தனையோ செயலி என் போனில் இருக்கிறது. ஒரு பாட்டைக் கேட்டதும் அதன் பெயரைச் சொல்லும். ஓடுகிற வேகம் சரியா என்று யாரும் சொல்லித் தந்ததில்லை.

இரவு சாப்பிட்டுவிட்டு, விளக்கைக் குறைத்துவிட்டு, அக்காவும் அவர் மகனும் நானும் உட்கார்ந்து கேட்டோம்.

முதல் பக்கத்தில் பாட்டுகள்தான். நடுநடுவே அறிவிப்பாளர் குரல், கடல் அலைபோல ஏறி இறங்கும் இரைச்சல். பிறந்தநாள் வாழ்த்து வந்தது. யாரோ ஒரு பிள்ளைக்கு, எந்த ஊரோ. அப்பா, அம்மா, அம்மம்மா, அம்மப்பா, பெரியப்பா, சின்ன மாமா, மாமி, மச்சான்மார் என்று உறவு முழுவதையும் ஒருவர் விடாமல் வாசித்தார். அக்கா வாயசைத்துக் கூடவே சொன்னார். முன்பு ஊரில் இதைக் கேட்டுத்தான் அம்மப்பா என்ற சொல்லே எனக்குத் தெரியும்.

இரண்டாம் பக்கத்தில், மூன்றாவது பாட்டு ஆரம்பித்துப் பாதியில், ஒரு கோழி கொக்கரித்தது. பாத்திரம் விழுந்தது. அம்மா குரல்: "ரேடியோவக் கொறைங்க, புள்ள படிக்கால்லா."

பிறகு அப்பா. "இரு, ரெண்டு பாட்டுதான்."

அவ்வளவுதான். அறுபது நிமிஷத்தில் மூன்று சொல். படித்துக்கொண்டிருந்த பிள்ளை நான்தான்.

மேலே எழுத முடியவில்லை.

நான்காம் நாள், ஞாயிறு

காலையில் அக்கா ஒரே ஒரு வரி சொன்னார். "எங்கட வீட்டில 83க்கு முந்தின சத்தம் ஒண்டும் இல்லை." தமிழர்களுக்கு எதிரான கலவரம் நடந்த அந்த ஜூலையில் அவருக்குப் பதினாலு வயது. இதே வெள்ளவத்தையில் வீடு எரிந்தது. கப்பலில் யாழ்ப்பாணம் போனார்கள், மூன்று வருஷம் கழித்துத் திரும்பி வந்தார்கள். அவருடைய அப்பா அந்த மூன்று வருஷத்துக்குள் போய்விட்டார். நேற்று இரவு அந்த அறிவிப்பாளர் குரலை அவர் ஏன் மூன்று தரம் திரும்பப் போடச் சொன்னார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவருடைய அப்பாவும் அதே குரலைக் கேட்டுக்கொண்டுதான் சவரம் செய்வாராம்.

பிறகு இருவருமாகச் சுதந்திர சதுக்கத்துப் பக்கம் போனோம். மரங்களுக்கு நடுவே இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம். உள்ளே போக நான் ஏற்பாடு எதுவும் செய்யவில்லை, வாசலில் இருந்து பார்த்தால் போதும் என்றுதான் வந்தேன். கொழும்பில் வானொலி தொடங்கியது 1925 டிசம்பர் 16. ரேடியோ சிலோன் என்ற பெயர் 1949-ல், கூட்டுத்தாபனம் ஆனது 1967-ல், இலங்கை என்ற பெயர் சேர்ந்தது 1972-ல். எங்கள் நாட்டில் 1952-ல் பி.வி.கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்து, அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுக்கு இடமில்லாமல் செய்தார். 1957-ல் விவித் பாரதி வரும்வரை, இந்தியாவின் சினிமாப் பாட்டைக் கேட்க இந்தியர்கள் இந்த ஊரைத்தான் திருப்பினார்கள். வந்த பிறகும் எங்கள் ஊர் திரும்பவில்லை. பாட்டுக்காக மட்டும் கேட்டிருந்தால் திரும்பியிருக்கும். மயில்வாகனம், ராஜேஸ்வரி சண்முகம், கே.எஸ்.ராஜா, அப்துல் ஹமீத். இவர்கள் பேசியதைக் கேட்டு எங்கள் ஊரில் பையன்கள் ழகரம் பழகினார்கள். இன்று எந்தப் பாட்டு வேண்டுமானாலும் ஒரு நொடியில் கிடைக்கிறது. பாட்டுக்கு முன்னால் வந்து, யாருக்காக இந்தப் பாட்டு என்று சொன்ன குரல்தான் எந்தப் பட்டியலிலும் இல்லை. எனக்கு அதில் தீராத வருத்தம் உண்டு.

திரும்பும் வழியில் தாமரைக் கோபுரம் தெரிந்தது. சுமார் 350 மீட்டர், தொலைக்காட்சிக்கும் வானொலிக்குமாகக் கட்டியது. 2022 செப்டம்பரில் ஜனங்களுக்குத் திறந்துவிட்டார்கள். நாங்கள் ஏறவில்லை. காலி முகத்திடலில் இறால் வடை வாங்கித் தின்றோம். விற்கிறவர் சிங்களத்தில் "இஸ்ஸோ வடே" என்று கூவியது என் காதில் இசை வடை என்றே விழுந்தது.

மாலையில் அக்காவின் மகன் மடிக்கணினியோடு வந்தான். கேசட் முழுவதையும் கணினிக்கு ஏற்றிவிட்டான். "அன்ரி, இரைச்சலைச் சுத்தமா எடுத்துத் தரட்டோ? இப்ப இதுக்கெண்டே செயலி இருக்கு." சரி என்றேன். பத்து நிமிஷத்தில் போட்டுக் காட்டினான். பாட்டு கழுவித் துடைத்த கண்ணாடி மாதிரி இருந்தது. ஒரு பொட்டு இரைச்சல் இல்லை. இரண்டாம் பக்கம், மூன்றாவது பாட்டு. கோழி இல்லை. பாத்திரம் இல்லை. அம்மா இல்லை. அப்பாவும் இல்லை.

அந்தச் செயலிக்குப் பாட்டு எது என்று தெரிந்திருக்கிறது. மிச்சம் எல்லாம் அதற்கு அழுக்கு.

பிள்ளை பதறிப்போனான். அசல் அப்படியேதான் இருக்கிறது, ஒன்றும் அழியவில்லை என்று முதலில் காட்டினான். பிறகு கொஞ்ச நேரம் யோசித்தான். "பொறுங்கோ அன்ரி." சுத்தம் செய்த பாட்டைத் தலைகீழாகத் திருப்பி, அதாவது அலையின் மேடு பள்ளமாகவும் பள்ளம் மேடாகவும், அசலோடு கூட்டினான். இரண்டிலும் பொதுவாக இருப்பது ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். மிஞ்சுவது, செயலி தூக்கி எறிந்தது மட்டும். ஹெட்போனை என் காதில் மாட்டினான்.

பாட்டு எங்கோ கிணற்றுக்குள் கேட்பதுபோல் ஒரு சாயல். மற்றபடி கடல் மாதிரி இரைச்சல். அதற்கு நடுவில், பக்கத்து அறையில் பேசுவதுபோல, எங்கள் வீடு. அம்மா அதட்டுகிறார். அப்பா பதில் சொல்கிறார். நேற்றுக் கேட்காத ஒன்று இன்று கேட்டது: சொல்லிவிட்டு அப்பா மெல்லச் சிரிக்கிறார்.

ஐந்தாம் நாள், திங்கள்

விமான நிலையத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலையில் சூண் பாண் வண்டி வந்தது. நானே இறங்கிப் போய் ஒரு இறாத்தல் வாங்கிவந்தேன். நானாவுக்கு அக்கா கையில் ஒரு பொட்டலம் உடன்குடிக் கருப்பட்டி கொடுத்தனுப்பச் சொல்லியிருக்கிறேன். வேலைக்கு அவர் வாங்கிய காசு பெல்ட்டின் விலைதான், உழைப்புக்கு ஒன்றும் வாங்க மாட்டேன் என்றுவிட்டார். அக்கா புறப்படும்போது ஒன்றும் பேசவில்லை, கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அக்காவின் மகன், பிறந்தநாள் வாழ்த்து வந்த பகுதியை மட்டும் தனியாக வெட்டித் தன் அம்மா போனில் போட்டுக் கொடுத்திருக்கிறான்.

அந்த இரைச்சல் கோப்பை அம்மாவுக்கு அனுப்பினேன். போன் பேசும்போது பக்கத்தில் வைத்துப் போட்டுக் காட்டலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிள்ளை தடுத்துவிட்டான். போனும் பின்னணிச் சத்தத்தை வடிகட்டிவிடுமாம், கோப்பாக அனுப்பினால்தான் அப்படியே போகுமாம். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொல்லி, அம்மாவின் காதருகே வைக்கச் சொன்னேன். அம்மாவுக்கு எழுபத்தாறு. அப்பா போனதிலிருந்து பேச்சு குறைந்துவிட்டது.

பத்து நிமிஷம் கழித்து அம்மாவே கூப்பிட்டார். அழுவார் என்று பயந்திருந்தேன்.

"ஏட்டி, அது நம்ம கொண்டைக் கோழில்லா!"

"எது?"

"கத்துச்சே. அதுதான். கறுப்புல வெள்ளப் பொட்டு. நீ பத்தாங்கிளாஸ் பாஸான அன்னைக்கு அடிக்கணும்னாரு. நான் விடலியே. முட்ட இடுற கோழி." கொஞ்சம் நிறுத்தினார். பின்னால் திண்ணையில் யாரோ பேசுவது கேட்டது. "அவரு எங்கிட்ட ரெண்டு பாட்டுன்னாரா? அன்னைக்கு ராத்திரி ஒம்பது மணிவரைக்கும் போட்டாரு."

வாயிலைத் திறந்துவிட்டார்கள், வரிசை நகர்கிறது. அம்மா இன்னும் போனை வைக்கவில்லை.

"இன்னொரு மட்டம் போடச் சொல்லுட்டி" என்கிறார்.